தண்ணீர் ருசி பார்த்த ஞாயிறுகள்

எங்கள் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. அடியில் என் பெயர் வெட்டியிருக்கும். வீட்டில் யாரும் அதில் காபி குடித்தது கிடையாது. என் கணவர் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் ருசி பார்த்த டம்ளர் அது.

அவர் சாயப்பட்டறைக்காரர். பட்டுநூலைச் சாயத்தில் தோய்த்துத் தோய்த்து நகக்கண்களில் அரக்கு நிறம் ஏறிப்போயிருந்தது. கொதிக்கிற தொட்டியின் ஆவியில் நின்று நின்று மூச்சு இழுக்க ஆரம்பித்தபோதுதான், பட்டறையை விட்டால் வயிற்றுக்கு என்ன வழி என்ற கவலை வந்தது. நாலு குடித்தனம் வைக்கிற மாதிரி ஒரு வீடு வாங்கிப்போட்டால் வாடகையில் காலம் தள்ளலாம். ஆனால் எங்கள் கையிருப்புக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு மாட்டுக்கொட்டகைகூட வராது. அதனால் ஞாயிறுதோறும் மலிவான ஊர் தேடி பஸ் ஏறுவோம். அரக்கோணம், செய்யாறு, ஆரணி, வாலாஜா என்று போகாத ஊர் இல்லை.

ஊர்களை எடைபோடுவதில் அவர் கெட்டிக்காரர்தான். அரக்கோணத்துக்கு ரயில்வேக்காரர்கள் மாற்றலாகி வந்துகொண்டே இருப்பார்கள், வீடு காலியாகக் கிடக்காது என்பார். செய்யாற்றில் கம்பெனிகள் வருகின்றன, வேலைக்கு வருகிற பையன்களுக்கு அறை வேண்டும். ஆரணியில் தறிக்காரர் குடிவந்தால் கவலையே வேண்டாம். வீட்டுக்குள் குழி வெட்டித் தறி இறக்கினவன் லேசில் காலி செய்ய மாட்டான். எல்லாம் பேசி, விலையும் படிந்து வருகிற நேரத்தில் என் பக்கம் கையை நீட்டுவார். நான் டம்ளரைக் கொடுப்பேன். வீட்டுக்காரர் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்க மாட்டார். தானே குழாயடிக்குப் போய்ப் பிடித்து, ஒரு வாய் ஊற்றிக்கொண்டு கண்ணை மூடுவார். உப்புத் தண்ணீரில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், பட்டின் மினுமினுப்பு போய்விடும் என்று பழகின நாக்கு. குடிவருகிறவன் இங்கே சோறு வடிக்கப் போகிறானா, பட்டு தோய்க்கப் போகிறானா என்று கேட்டால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

"தண்ணி கரிக்குதுமா. இங்க எவன் நிப்பான்? அடுத்த வாரம் வேற ஊரு பாக்கலாம்."

பெண் பார்க்கிறவன்கூட இத்தனை ஊர் சுற்ற மாட்டான் என்று என் நாத்தனார் கேலி செய்வாள். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அது போன இடம் தெரியாது. வாரம் முழுக்க அவர் பட்டறையிலும் நான் அடுப்படியிலும் கிடந்தோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார எங்களுக்கு வேறு எப்போது வாய்த்தது? திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். காஞ்சிபுரம் நெருங்கினதும் எழுப்புவேன். அந்தத் தோள்கனம் இப்போதும் எனக்கு வேண்டியிருக்கிறது.

வீடு வாங்காமலே போன ஆடியில் போய்ச் சேர்ந்தார்.

அப்பா நினைத்ததை முடிக்க வேண்டும் என்று மகனுக்குப் பிடிவாதம். போனிலேயே தேடி, வாடகை இவ்வளவு வரும், விலை இவ்வளவு என்று கணக்குப் போட்டு, கடைசியில் அரக்கோணத்திலேயே நாலு போர்ஷன் வீடு ஒன்றைப் பேசி வைத்தான். அவரோடு நான் முதன்முதலில் போன ஊர். முன்பணம் கொடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, நான் பின்பக்கக் குழாயில் டம்ளரைப் பிடித்தேன். மகன் வந்து பார்த்துச் சிரித்தான்.

"இப்பல்லாம் யாரும்மா கொழா தண்ணி குடிக்கிறாங்க? எல்லாருக்கும் கேன் தண்ணிதான். பணத்த குடுத்துடட்டுமா?"

அவன் சொன்னதும் நியாயம்தான். வாசலில் நீலக் கேன்கள் வரிசையாக நின்றதை நானும் பார்த்திருந்தேன். கொடுத்துவிடச் சொன்னேன். அவன் உள்ளே போனான்.

அப்புறம்தான் ஒரு வாய் குடித்தேன். கரித்தது. அவர் இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கு எங்களுக்கு இன்னொரு ஊர் இருந்திருக்கும்.