ஆள் இருக்கா என்று கேட்டார்கள்

இந்த நாட்டில் ஆஸ்பத்திரிக்கு ஒற்றை ஆளாகப் போகிறார்கள். காய்ச்சலுக்கு மட்டுமல்ல, கண் ஆபரேஷனுக்கும் அப்படித்தான். தோளில் ஒரு பை, காதில் ஒரு பாட்டு, அவ்வளவுதான். கணவர் காலமானபின் இங்கிலாந்துக்கு மகனிடம் வந்து ஆறு வருஷமாகியும், இது எனக்குப் பழகவில்லை.

கழுகுமலைப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்படி விடுவார்களா? அண்ணனுக்கு இடுப்பு முறிந்தபோது, மிளகாய் மூடை ஏற்றும் குட்டியானை வண்டியில் அவரைப் படுக்கவைத்து, கூடவே பதினோரு பேர் ஏறினோம். கோவில்பட்டியில் நர்ஸம்மா திட்டினாள்: "இதுல நோயாளி யாரு? மத்தவியல்லாம் எதுக்கு வந்திய?" எதுக்கா? தனியாக அனுப்பினால் 'ஆளத்த குடும்பம்' என்று பேசிவிடுவார்களே! அதற்காக ஊரைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. அதே அண்ணனை அப்புறம் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தபோது, ஆளாளுக்குப் பருத்தி எடுக்கப் போய்விட்டோம். நானும்தான். அண்ணி ஒருத்தியே அவரைத் தாங்கிப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினாள்.

இந்த வருஷம் என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தவறினால் உயிருக்கே மோசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகனுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. வாரம் மூன்று நாள் லீவு கேட்டால் வேலையே இருக்காது. போக வழியில்லாத நோயாளிகளுக்கு வேன் அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டுப் போன் போட்டேன். என் இங்கிலீஷ் அவ்வளவு போதாதென்று, இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருத்தியை மொழிபெயர்க்க லைனில் சேர்த்தார்கள்.

"உங்களைக் கூட்டிக்கொண்டு வர ஆரும் இருக்கினமோ, அக்கா?" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன கேள்வி கேக்குதீய? ஆளில்லாம நான் என்ன அநாதையா? மகன் இருக்கான், அண்ணி இருக்காவ, ஊரு நெறைய சொந்தம் கெடக்கு!"

அவள் சற்றுத் தயங்கி, அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். ஆள் இருப்பதால் வேன் கிடையாது என்று பதில் வந்தது. என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். திரும்பும்போது தலை சுற்றியது. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்து சேலையெல்லாம் ஆனது. பஸ் ஸ்டாப் பெஞ்சில் முந்தானையால் கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

மறுநாள் திரும்பவும் போன் போட்டேன். நல்லவேளை, அதே பெண் கிடைத்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுங்கோ அக்கா. வாகனம் வரும்."

"சொல்ல மாட்டேன் தாயி. உசிரோட இருக்கவியள இல்லைன்னு என் வாயால சொல்லவா? ஆள் இருக்கு. அவியளுக்குப் பொழப்பும் இருக்கு. நேத்து ரத்தம் வழிய ரோட்டுல உக்காந்திருந்தேன், அதையும் சொல்லு. வேன் வேணும். பிச்சையாக் கேக்கல."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப ஏதேதோ கேட்டார்கள். கடைசியில் சரி என்றார்கள்.

அடுத்த முறைக்கு வேன் வந்தது. டிரைவர் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். துணைக்கு ஆள் என்ற இடத்தில் 'இல்லை' என்று டிக் போட்டிருந்தது. அந்தக் கட்டத்தில் உண்டு, இல்லை என்று இரண்டே பதில்தான் போலும். எனக்குச் சுருக்கென்றது. பேனாவை வாங்கி அதன் கீழே தமிழில் எழுதினேன்: மகன் பெயர், அண்ணி பெயர், குட்டியானையில் ஏறிய ஒவ்வொருவர் பெயரும். பருத்தி எடுக்கப் போனவர்களையும் விடவில்லை.

"வாட் இஸ் திஸ்?" என்றார் டிரைவர்.

"மை பீப்பிள்."

அவர் எனக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார். "ஆர் தே கமிங்?"

"நோ" என்றேன்.

தாளை மடித்து வைத்துவிட்டு, எனக்கு பெல்ட் மாட்டிவிட்டார். வேனில் ஆறு சீட்டு. நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். என் ஆட்கள் ஏறியிருந்தால் ஆறு பத்தாது.