செல்வி சொன்ன வசனம்

பஸ்ஸில் யாரோ தோடம்பழம் உரிக்க, அந்த ஆரஞ்சு மணத்தோடு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே இன்று இல்லாமற்போன டியூஷன் அறையும், தகரக் கூரையில் விழும் மழைச் சத்தமும், புத்தகத்துக்குப் பின்னால் எனக்குச் சுளை நீட்டும் செல்வியின் விரல்களும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அப்போது அவளைத் தவிர எனக்கு வேறு கூட்டாளி இல்லை. வெள்ளிக்கிழமைகளில் டீச்சர் சொல்லித்தரும் புதிய ஆங்கில மரபுத்தொடர் ஒன்றை வைத்து ஆளுக்கொரு சொந்த வசனம் சொல்ல வேண்டும். அன்று ‘இன் த நிக் ஒஃப் டைம்’. இன்னும் கொஞ்சம் பிந்தினால் எல்லாம் போச்சு என்ற நேரத்தில் வந்து சேர்வது. குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போக தன் அப்பாவின் பாஸ்போர்ட் அப்படி வந்ததாக செல்வி சொன்னாள்.

“பிழையே இல்ல, கெட்டிக்காரி!” என்றார் டீச்சர்.

“நெசமாவா போறீங்க?” என்றேன் மெதுவாக.

“திங்கக்கெழம ஸ்டேஷன்ல கோச்சி ஏறுறோம்டி. ஒன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல.”

அடுத்தது என் முறை.

“எனக்கு அப்பிடி ஒன்னும் நடக்கல, டீச்சர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.