மீன் வயிற்றைக் கிழித்துப் பார்த்த சேது

சேது போயிட்டான். காலையில் அவன் மகள் போன் செய்து சொன்னாள்.

எனக்குத் துக்கம் மட்டும் இல்லை, பயமும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஒரு மீன்வள ஆய்வு ஆபீஸில் நானும் அவனும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். பாலிகஞ்சில் ஒரே ரூம்.

வீட்டில் முட்டை கூடச் சேர்க்காதவன். தினமும் காலையில் கரியாஹாட் மார்க்கெட்டில் மீன் வயிற்றைக் கிழித்து, அது என்ன தின்றிருக்கிறது என்று பார்ப்பான். அப்புறம் ரூமுக்கு வந்து எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய் தேய் என்று தேய்ப்பான்.

மேலதிகாரிக்கு எத்தனை டன் இலிஷ் மீன் வந்தது என்று தெரிந்தால் போதும். சேதுவுக்குப் போதாது.

"இலிஷை மட்டும் எண்ணி கடலைக் காப்பாத்த முடியாதுடா. எது எதைத் திங்குது, ஆத்துலேருந்து எவ்வளவு தண்ணி வருது, எத்தனை படகு போகுது, வலைக்கண்ணு எவ்வளவு சின்னது... எல்லாத்தையும் சேத்துப் பாத்தாத்தான் எங்க பிடிக்கலாம், எங்க விட்டுடணும்னு சொல்ல முடியும்."

அதனால் அவன் நோட்டில் மீன் பேர் மட்டும் இருக்காது. படகு பேர், படகுக்காரன் பேர், எந்தக் கழிமுகம், யார் வாங்கினார்கள்... எல்லாம் இருக்கும்.

அந்த நாளில் கல்கத்தாவில் புரட்சிக்காரப் பையன்களுக்கும் போலீஸுக்கும் சண்டை, ஆள் பேர் எழுதுகிறவன் என்றாலே வேறு அர்த்தம். போலீஸுக்குக் காட்டிக்கொடுக்கிறான் என்று ஒரு சந்தேகம் வந்தால் போதும், ஆள் காலி. "பேரெல்லாம் வேண்டாம்டா" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். சிரிப்பான்.

ஒரு நாள் மார்க்கெட்டில் அந்தப் பையன்கள் ஐந்தாறு பேர் அவனைச் சுற்றி வளைத்தார்கள். ஒருத்தன் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினான். பாதி தமிழில் இருந்தது, சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

நான் நாலு கடை தள்ளி நின்றிருந்தேன். ஒருத்தன் என்னிடம் வந்து பெங்காலியில் கேட்டான், "இவன் உன் ஆளா?" கேட்டவன் சட்டைக்குள் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. உற்றுப் பார்க்கக் கூடப் பயம்.

"சினி நா" என்றேன். தெரியாது என்று.

சேது என்னைப் பார்த்தான். கூப்பிடவில்லை.

நான் நடந்தேன்... ஓடினால் மாட்டிக்கொள்வோமே. ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஃபைலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அவனே வந்தான். சட்டை கிழிந்திருந்தது. நோட்டு இல்லை.

எல்லாரும் மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் மீன்காரி ஒருத்தி "ஐயோ, இவன் மீன் வயித்தைப் பாக்கற பைத்தியம்" என்று கத்தினாளாம். அவர்கள் ஒரு பேட்கி மீனைத் தூக்கிப் போட்டு, "கிழி, சொல்லு" என்றார்களாம். மாஷியின் அரிவாள்மணையில் கிழித்து, உள்ளே இருந்த குஞ்சு இறால், பொடிமீன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேர் சொன்னானாம். அப்புறம்தான் விட்டார்கள்.

"அதுல ஒண்ணை நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன், நேர்ல பாத்ததே இல்லடா. எழுதிக்க நோட்டு இல்லாம போச்சு" என்றான். அவனுக்கு அதுதான் வருத்தம்!

அவனைத் தெரியாது என்று நான் சொன்னதைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. நானும் பேச்செடுக்கவில்லை. இத்தனை வருஷமும்.

இன்று காலை அவன் மகள் அழுதுகொண்டே சொன்னாள். "அங்கிள், அன்னிக்கு மார்க்கெட்ல நீங்கதானே ஓடிப்போய் ஆபீஸ்லேருந்து ஆள் கூட்டிட்டு வந்து அப்பாவைக் காப்பாத்தினீங்க... கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தார்."

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் பயம்தான்.

சேது... நான் யாரையும் கூட்டிட்டு வரலைடா, அது உனக்கும் தெரியும்.

போய் வா.