இடாப்பில் இருந்த பெயர்

சனிக்கிழமை காலை 7.40. சிட்னி சென்ட்ரல் நிலையத்தில் மெல்பேர்ன் ரயிலில் ஏறினேன். ஏறக்குறைய 950 கிலோமீற்றர், பதினொரு மணித்தியாலம், சாதாரண வகுப்புக்கு நூற்றுப் பதினெட்டு டொலர். விமானத்தில் ஒன்றரை மணித்தியாலத்தில், அதைவிட மலிவாகவே போயிருக்கலாம். "ரயிலில போனா மனசைத் தயார்பண்ணலாம்" என்று மனைவியிடம் சொன்னேன். "பதினொரு மணித்தியாலம் யோசிச்சுப்போட்டு, சொல்லாமல்தான் திரும்பி வருவியள்" என்றாள். பதினெட்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், என்னை நன்றாகவே அறிவாள்.

சொல்லவேண்டியது இதுதான். ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அந்த மண் யாருடையது என்ற வழக்குத் தீராமலே வந்த தேர்தல். எங்கள் சனம் யாரும் வாக்களிக்கக் கூடாது, மீறினால் நடப்பது வேறு என்று ஊரெல்லாம் சொல்லப்பட்டிருந்தது. நான் அப்போது இருபத்தேழு வயது ஆசிரியன். வாக்களிப்பு நிலையத்தில் வாக்காளர் பட்டியலான இடாப்பைப் பார்த்துப் பெயர் வாசிக்கும் வேலையை எனக்குத் தந்திருந்தார்கள். மத்தியானம்வரை ஒரு குருவிகூட வரவில்லை. பொறுப்பதிகாரி கதிரையில் சாய்ந்து உறங்கிவிட்டார்.

அப்போதுதான் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த சிவபாலன் அண்ணை, இஸ்திரி போட்டு மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு வந்து வாக்காளர் அட்டையை நீட்டினார். சந்தியில் இரண்டு பேர் நின்று, யார் உள்ளே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது யன்னலால் தெரிந்தது. இடாப்பில் அவருடைய பெயரைக் கண்டேன். கண்டுவிட்டு, "உங்கட பேர் இதில இல்லை அண்ணை" என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரைக் காப்பாற்றியதாகத்தான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். உண்மையைச் சொல்லப்போனால், கொஞ்சம் பெருமையும் இருந்தது. போன மாதம் சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் ஓர் ஊர்க்காரர், சிவபாலன் அண்ணை அகதியாகப் படகில் வந்து மெல்பேர்னில் இருப்பதாகச் சொல்லித் தொலைபேசி இலக்கத்தையும் தந்தார். "நாடே தன்ர பேரை வெட்டிப்போட்டுது எண்டு இப்பவும் சொல்லிக்கொண்டு திரியிறார், பாவம்" என்றார். அன்றே அவருக்குத் தொலைபேசி எடுத்து, பார்க்க வருகிறேன் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

கோல்பேர்ன் தாண்டியதும் வெளியே செம்மறிகளும் காய்ந்த புல்லும்தான். உணவுப் பெட்டியில் இறைச்சி அடைத்த 'பை' பணியாரமும் தேநீரும் வாங்கினேன். தேநீர் குடிக்கும் தரத்தில் இல்லை. மூன்று மணிக்கு ஆல்பரி, அதற்கப்பால் விக்ரோறியா மாநிலம். அதுவரை மனதுக்குள் ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் நான் நல்லவனாகவே வந்தேன்.

மாலை எட்டு மணி, டண்டினோங் நிலையம். கோடைக்காலம் என்பதால் வெளிச்சம் இன்னும் போகவில்லை. அண்ணையோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் யூசுப் காரோடு காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இருவரும் ஒரே தொழிற்சாலையில் சலாட் இலை பொதி செய்கிறார்கள். ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்த அவருடைய ஒரு விரலில், நகத்தடியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அந்தக் கறுப்பை எனக்குத் தெரியும். அப்படியொரு மைப்போத்தல் அந்த வாக்களிப்பு நாள் முழுவதும் எங்கள் மேசையில் திறக்கப்படாமலே இருந்தது.

"தேர்தல் மையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

சிரித்தார். சோமாலிலாந்துக்காரராம். சோமாலியாவிலிருந்து பிரிந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. சொந்தக் காசு, சொந்தக் கடவுச்சீட்டு, சொந்தப் படை எல்லாம் உண்டு, ஐ.நா.வின் பட்டியலில் மட்டும் இடமில்லை. அங்கே ஜனாதிபதித் தேர்தலுக்கு வெளிநாட்டிலிருந்து வாக்குப் போட முடியாது. இவர் நாலு கிழமை விடுமுறை எடுத்து, 2,400 டொலருக்கு ரிக்கெற் வாங்கி, மூன்று விமானம் மாறித் தலைநகர் ஹர்கேசாவுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"நீங்கள் போட்டவர் வென்றாரா?"

"தோற்றுவிட்டார்" என்றார் உற்சாகம் குறையாமல். "ஆனால் என்னுடைய வாக்கையும் எண்ணிய பிறகுதான் தோற்றார்."

வீட்டில் அண்ணை பிட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தார். குசினி வாசலிலேயே கட்டிப்பிடித்தார். "மெலிஞ்சு போனீர் தம்பி, சிட்னியில சாப்பாடு இல்லையோ?" அறுபது வயது, தலை முழுக்க வெள்ளை. மேசையில் யூசுப்பின் கையைப் பிடித்து என்னிடம் காட்டினார்.

"இவன்ர நாட்டை உலகம் நாடெண்டு ஒத்துக்கொள்ளேல்லை. ஆனா அங்க இவன்ர பேர் இருக்கு. என்ர நாட்டுக்கு ஐநாவில கொடி பறக்குது, அங்க என்ர பேர் இல்லை. நீர்தானே பாத்துச் சொன்னனீர்?"

"ஓம் அண்ணை."

"அதுக்குப் பிறகு வந்த எலெக்சன் ஒண்டுக்கும் நான் போகேல்லை. பேர் இல்லாதவன் போய் என்ன செய்யிறது? இஞ்சயும் விசா இழுபடுது, வோட்டு இல்லை. இந்த வயசுக்கும் ஒருக்காலும் போட்டதில்லை தம்பி." முறைப்பாடாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு பிடி பிட்டு வைத்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். குழம்பு நல்ல ருசி என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு யூசுப் எங்களை 'த பேசின்' என்ற இடத்தில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனார். இருபத்தைந்து கிலோமீற்றர். மலையடிவாரம், உயர்ந்த யூக்கலிப்ரஸ் மரங்கள், மழை பெய்த மண் மணம். பூசை முடிந்து வெளியே மர வாங்கில் அமர்ந்தோம். யூசுப் சற்றுத் தள்ளிக் காரில் சாய்ந்து நின்றார். இனியும் தள்ளிப்போட்டால் மனைவி சொன்னதுதான் நடக்கும் என்று நினைத்து, பூசி மெழுகாமல் சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு உங்கட பேர் இருந்தது. நான் பொய் சொன்னனான்."

அவர் என்னையே பார்த்தார். "இருந்ததோ?"

"ஓம்."

"சரியா எழுதியிருந்தவங்களோ? அப்பான்ர பேரோட?"

"ஓம் அண்ணை, அப்பாவின்ர பேரோட."

கோபிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து நின்று, "யூசுப்! மை நேம் வாஸ் தேர்!" என்று கத்தினார். யூசுப் ஓடிவந்து அவர் தோளில் தட்டினார். அப்படியொரு சந்தோசத்தை அவர் முகத்தில் நான் ஊரிலும் கண்டதில்லை. பிறகு மெல்ல வாங்கில் இருந்தார்.

"ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனீர்?"

"சந்தியில ரெண்டு பேர் நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவங்கள். உங்களுக்கு ஏதும் நடந்திடுமெண்டு பயந்திட்டன்."

"அவங்களைத் தாண்டித்தானே தம்பி நான் உள்ள வந்தனான்."

அவர் உள்ளே வந்ததை அவர்கள் அப்போதே கண்டுவிட்டார்கள். பயப்படுவதா இல்லையா என்பதை அந்த மனிதர் வீட்டிலேயே தீர்மானித்து, சேட்டையும் மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பயம் என்னுடையது. அவர் பெயரை வாசித்த வாய் என்னுடையதாக இருந்துவிடக்கூடாது என்று பயந்தேன். இது இருபது வருடமாக எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

"நீர் சொன்னபடியாத்தான் நம்பினனான்" என்றார் அண்ணை. "வேற ஆரும் சொல்லியிருந்தா, காட்டும் பாப்பமெண்டு கேட்டிருப்பன்." திரும்பும் வழியில் முன் இருக்கையில் இருந்து மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். இரவுச் சாப்பாட்டுக்கும் அறையை விட்டு வரவில்லை.

திங்கள் காலை 8.30, சிட்னி திரும்பும் ரயில். என்னை வழியனுப்ப யூசுப் மட்டும் வந்தார். அண்ணைக்கு வேலை முறை என்றார். இருக்கையில் இருந்து, சிட்னியில் நாங்கள் குடியிருக்கும் பென்டில் ஹில்லை நினைத்தேன். தேர்தல் என்றால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசை. போகாவிட்டால் அபராதம் என்பதற்காகவே போவேன். வெயிலில் நிற்கவிட்டார்கள் என்று முறுமுறுப்பேன், வாசலில் விற்கும் சொசேச் பாணைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வருவேன். யாருக்குப் போட்டேன் என்பது அடுத்த கிழமையே மறந்துபோகும்.

ரயில் நகரத் தொடங்கியபோது தொலைபேசி அடித்தது. சிவபாலன் அண்ணை. பின்னால் தொழிற்சாலைச் சத்தம் கேட்டது.

"தம்பி, ஒண்டு கேக்க மறந்திட்டன். நீர் வைச்சிருந்த அந்த இடாப்பு இப்ப எங்க இருக்கும்?"

வாக்களிப்பு நிலையத்தில் பாவித்த பிரதியை இத்தனை காலம் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அந்த வேலை பார்த்த எனக்கு அது தெரியும்.

"கொழும்பில பத்திரமா வைச்சிருப்பாங்கள் அண்ணை" என்றேன்.

"அப்ப விசா சரிவந்தவுடன ஒருக்காப் போய்ப் பாப்பம்" என்றார்.