அருவிக்கடியில் படித்த ஆங்கிலம்

நான் வேலை பார்த்தது ஒரு பம்புசெட் கம்பெனியின் தென்காசி சர்வீஸ் சென்டரில். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஷட்டர் கடை, ஒரு மேஜை, ஒரு போன், நான், மெக்கானிக் அண்ணாச்சி. அவ்வளவுதான். விவசாயி கூப்பிட்டு மோட்டார் ஓடவில்லை என்பார். நான் எழுதிக்கொள்வேன். அண்ணாச்சி பைக்கில் போய்ச் சரிசெய்துவிட்டு வருவார். பதினாறு வருடம் இப்படியே ஓடியது.

போன வருடம் சாரல் தொடங்கும் நேரத்தில் சென்னையிலிருந்து மெயில் வந்தது. சின்ன சென்டர்களில் சிலவற்றை மூடித் திருநெல்வேலியோடு சேர்க்கப் போகிறார்களாம். எதை மூடுவது என்று குற்றாலத்தில் கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். ஒவ்வொரு சென்டரும் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பிரசன்டேஷன் கொடுக்க வேண்டும். கூட்டம் ஏன் குற்றாலத்தில் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். அருவியில் தண்ணீர் விழுந்துவிட்டால் எல்லாக் கம்பெனிக்கும் அவசரமாகக் கூடிப் பேச விஷயம் வந்துவிடும்.

எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், எழுதவும் வரும். பேசச் சொன்னால் வாய் உலர்ந்துவிடும். போனில் தேடினேன். பிரசன்டேஷனுக்குப் பயன்படும் வாக்கியங்கள் என்று நாற்பது கிடைத்தன. நாற்பதையும் ஒரு நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதி, நம்பர் போட்டுக்கொண்டேன். முதலாவது, 'தேங்க் யூ ஆல் ஃபார் கமிங் டுடே'. அவர்கள் குளிக்க வருவார்களாம், நான் நன்றி சொல்ல வேண்டுமாம். முப்பத்தொன்பதாவது, 'தட்ஸ் எ வெரி குட் கொஸ்டின்', ரொம்ப நல்ல கேள்வி. பதில் தெரியாதபோது இதைச் சொன்னால் யோசிக்க இரண்டு விநாடி கிடைக்கும் என்று போட்டிருந்தது. எனக்கு இரண்டு நாளாவது வேண்டும்.

வீட்டில் சத்தம் போட்டுப் படிக்க வழியில்லை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அதனால் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஐந்தருவிக்குப் போனேன். பெண்கள் பக்கம் தண்ணீருக்கடியில் நின்று கத்தினால், தோளை இடித்துக்கொண்டு நிற்பவளுக்கும் கேட்காது. ஒன்பது நாள் அங்கே நின்று நாற்பதையும் கத்தினேன். ஈரத்தலையோடு ஆபீசுக்கு வந்தால் அண்ணாச்சி நாற்காலியில் கால்மேல் கால் போட்டுச் சென்னை மேனேஜராக நடித்து உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"திருநெல்வேலி ஒன்றரை மணி நேரத்துல இருக்கு. பெறவு தென்காசி எதுக்கு?"

அதற்குப் பதிலையும் அவரே சொன்னார், நான் ஆங்கிலமாக்கினேன். செங்கோட்டைப் பக்கம் ஒருவர் நாற்று நட்ட மூன்றாம் நாள் மோட்டார் நின்றுபோனால், அண்ணாச்சி அரை மணியில் அங்கே நிற்பார். திருநெல்வேலியில் பதிந்து, நம் முறை வந்து, ஆள் வர நாலு நாள் ஆகும். அதற்குள் வயல் வெடித்துவிடும். இதைச் சொல்லும்போது மட்டும் எனக்கு வாய் உலரவில்லை. சென்னையிலிருந்து வந்த ஐந்து ஸ்லைடுகளிலும் எண்களை நிரப்பத்தான் இடம் இருந்தது. ஆகவே நாங்கள் இரண்டு பேரும் கேள்வி நேரத்தைத்தான் நம்பியிருந்தோம்.

"எனக்கு அம்பத்தாறு வயசு. இனிமே எவன் வேல குடுப்பான்?" என்றார் அண்ணாச்சி. "அதக் கேட்ட ஒடனே டக்குனு சொல்லிருங்கம்மா."

கூட்டம் ஒரு லாட்ஜ் ஹாலில். எங்கள் முறை கடைசியாக, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. காலையில் எண்ணெய் மசாஜ், பிறகு அருவி, பிறகு பிரியாணி. பெரியவர்கள் எல்லாரும் தலைமுடி காயாமல், கண் சொருகி உட்கார்ந்திருந்தார்கள். நான் 'தேங்க் யூ ஆல்' என்று ஆரம்பித்ததும் முன்வரிசை திடுக்கிட்டு நிமிர்ந்தது. அருவிக்கடியில் கத்திய அதே குரல். "மைக் இருக்கு மேடம்" என்றார் ஒருவர். சிரித்தார்கள். குரலைக் குறைத்தேன், அவர்களும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள். ஐந்து ஸ்லைடையும் முடித்து, முப்பத்தெட்டாவது வாக்கியத்துக்கு வந்தேன். கேள்வி ஏதும் இருந்தால் கேளுங்கள்.

சென்னையிலிருந்து வந்த தலைமை மேனேஜர் கையைத் தூக்கினார். அண்ணாச்சியின் பதிலை வாய்க்குள் அடுக்கிக்கொண்டேன். நாளைக் காலை குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போகலாம் என்றிருக்கிறாராம். எந்த நேரத்தில் கூட்டம் குறைவாக இருக்கும்?

'தட்ஸ் எ வெரி குட் கொஸ்டின்' என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதன் பிறகு சொன்னேன் பாருங்கள். ஐந்தரைக்குப் போங்கள், ஆறே காலுக்கு மேல் வேன்கள் வந்துவிடும், பெண்கள் பக்கம் சீக்கிரம் நிறையும், பாறை வழுக்கும் இடம் எது, வண்டியை எங்கே நிறுத்துவது, எல்லாம் ஆங்கிலத்தில், ஒரு தடங்கல் இல்லாமல். அவர் குறித்துக்கொண்டார். அன்றைக்கு நான் பேசியதில் அவர் எழுதிக்கொண்டது அது மட்டும்தான். "வெரி க்ளியர்" என்றார். கைதட்டினார்கள்.

நான் உட்கார்ந்ததும் சென்னைக்காரர்களின் ஸ்லைடு வந்தது. புது மண்டல வரைபடம். அதில் தென்காசி இல்லை. கீழே தேதி இருந்தது, எனக்கு மெயில் வந்ததற்கு முந்தைய வாரத்துத் தேதி. எழுந்து அண்ணாச்சியின் பதிலைச் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்காததை எப்படிச் சொல்வது என்று நாற்பதில் ஒன்றுகூட இல்லை. பேசாமல் இருந்துவிட்டேன். அதற்காக என்னை இன்னும் திட்டிக்கொள்கிறேன்.

அண்ணாச்சி வெளியே சாரலில் பைக்கோடு நின்றிருந்தார். "கேட்டாவளா?"

"கேட்டாங்க."

"நீங்க சொன்னியளா?"

"சொன்னேன்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. வழியில் நிறுத்தி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் வாரம் மூடுகிற கடிதம் வந்தது. நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அண்ணாச்சி கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடேசில என்னமோ போட்ருக்கே, என்னது அது?"

என் நோட்டின் முப்பத்தெட்டாவது வாக்கியம், ஏறக்குறைய அப்படியே. "கேள்வி ஏதும் இருந்தா கேக்கலாமாம் அண்ணாச்சி."

"எனக்கு ஒண்ணு இருக்கு. அவியகிட்ட இல்ல, ஒங்ககிட்ட. நம்ம கேள்விய அன்னைக்கு நெசமாவே கேட்டாவளா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "கேக்கல அண்ணாச்சி. ஐந்தருவில எப்பக் கூட்டம் கொறையும்னு கேட்டாங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் துணியை மடித்து ஸ்பானர் பெட்டிக்குள் வைத்தார்.

"அதுக்காவது சரியாச் சொன்னியளா?"

"சொன்னேன் அண்ணாச்சி."