பொன்னாடை போர்த்திக் கலைத்த கிளை

எங்கள் அலோர் காஜா கிளையைக் கலைத்த அன்று எனக்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது. நீல நிறம், ஓரத்தில் ஜரிகை மாதிரி ஏதோ ஒன்று. மடித்து அலமாரியில் போட்டதோடு சரி. பார்த்தாலே வயிறு எரிகிறது.

அலுவலக ஊழியர்களுக்கான சங்கம் அது. தோட்ட ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிகள், டவுனில் கணக்கெழுதுகிறவர்கள், பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலைகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் உறுப்பினர்கள். நான் கிளைச் செயலாளர். கிளைகளைச் சீரமைக்கப் போகிறேன் என்று மாநிலத் தலைவர் கிளம்பினார். சின்னக் கிளைகளை மலாக்கா டவுன் கிளையோடு சேர்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். எல்லாருக்கும் அவர் அண்ணன். எனக்கும்தான், வேறு எப்படிக் கூப்பிடுவது?

அந்த நேரத்தில்தான் எங்கள் கிளை உறுப்பினரான ஓர் அக்காவுக்கு ஒரு தலைவலி வந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் தலைமைக் கிராணி அவர். கம்பெனி அவரை வேறு மாநிலத்துக்கு, பகாங்குக்கு மாற்றிவிட்டது. வீட்டுக்காரருக்கோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். அக்காதான் காரில் ஏற்றிப் போய் இறக்க வேண்டும். மாற்றலை எதிர்த்து நிர்வாகத்திடம் பேசும்போது கிளைப் பொறுப்பாளர் ஒருவர் உடன் உட்காரலாம் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கிளை போனால் என் பொறுப்பும் போகும். வீட்டுக்கே போய் இதை அக்காவிடம் விளக்கினேன்.

"தெரியும்மா. இணைப்புக்கு நான் கை தூக்க மாட்டேன்," என்றார்.

கூட்டம் பள்ளி மண்டபத்தில் நடந்தது. நம் ஆட்கள் கூட்டத்தில் முதலில் மரியாதை, பிறகுதான் காரியம். கிளையில் உழைத்தவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு அண்ணனே பொன்னாடை போர்த்தினார். அக்காவுக்குப் போர்த்தும்போது, "மாப்பிள்ளைக்கு எப்படிம்மா இருக்கு? ஒன்னும் கவலப்படாத, அண்ணன் இருக்கேன்லா," என்றார். அக்காவின் கண் கலங்கிவிட்டது. போட்டோ எடுத்தார்கள். பொன்னாடை தோளில் கிடக்கும்போதே, "சரி, இணைப்ப ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் அண்ணன்.

கைகள் எழுந்தன. நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் கையும் மேலே இருந்தது, காது உயரத்துக்கு. தூக்காதவள் நான் ஒருத்திதான்.

"செயலாளர் தங்கச்சிக்கு மட்டும் என்மேல கோவம் போல," என்று அண்ணன் சிரித்தார். மண்டபமே சிரித்தது, அக்காவைத் தவிர.

வெளியே வந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்கா இப்படிப் பண்ணீங்க?"

"பொன்னாடையப் போட்டுக்கிட்டு, அவரு மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா தூக்காம இருக்கிறது? மத்தவங்க யாராச்சும் எதிர்ப்பாங்கன்னு நெனச்சேன்."

மற்றவர்களும் அதையேதான் நினைத்திருந்தார்கள். பேசிப் பார்த்தபோது தெரிந்தது. நல்ல மரியாதை, நல்ல மனுசங்க.

நிர்வாகம் அக்காவைப் பேச அழைத்த நாளில் டவுன் கிளையிலிருந்து ஆள் வருவார் என்று அண்ணன் சொல்லியிருந்தார். நான் லீவு போட்டுவிட்டு அக்காவின் ஆபீஸ் வாசலில் நின்றேன். வரவேண்டியவர் போன் செய்தார். தெங்கேரா ரோட்டில் டிராபிக் ஜாமாம், இன்னொரு நாள் வைக்கச் சொல்லுங்கள் என்றார். மேனேஜர் சம்மதிக்கவில்லை. என்னை உள்ளே விடச் சொன்னேன். நீங்கள் இப்போது எந்தக் கிளையிலும் பொறுப்பில் இல்லையே என்றார் அவர், மரியாதையாகத்தான். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அக்கா தனியாக உள்ளே போனார். நான் வாங்கி வைத்த தேநீர் ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டார். மாற்றல் மாற்றல்தான்.

அவர் வேலையை விட்டுவிட்டார். வேறு என்ன செய்வார்? அண்ணனைக் கூப்பிட்டேன். "பேசுறேன்மா," என்றார். யாரிடம் பேசினாரோ.

போன வாரம் டயாலிசிஸ் சென்டருக்குப் போயிருந்தேன். அக்கா இப்போது மளிகைக் கடையில் கல்லாவில் உட்காருகிறார், பாதி நாள்தான். வீட்டுக்காரர் ஊசியோடு கண்மூடிப் படுத்திருந்தார். அவர் காலில் அந்தப் பொன்னாடை.

"ஏர்கோன் குளிரு. இதையாச்சும் போர்த்தலாம்னு எடுத்தாந்தேன்," என்றார் அக்கா.

"போதுமாக்கா?"

அவர் ஓரத்தை இழுத்துக் காலுக்கடியில் செருகினார்.

"எங்கேம்மா போதும்? மெல்லிசு, குளிர் தாங்க மாட்டேங்குது."