அக்காவுக்கு வேண்டாம், தங்கைக்கு வேண்டும்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு பிரேக்கக்கா என்று பெயர். பழகுகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் எப்போதும் ஒரு காலைத் தயாராக வைத்திருப்பாள். பதினாறு வருஷமாக அதே வேலை. எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், வலது என்றால் இடது பக்கம் திருப்புகிறவர்கள் என்று எத்தனையோ பேரை லைசென்ஸ் வாங்க வைத்துவிட்டாள். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை.

அவளுக்கு இருந்த ஒரே குறை சோர்வு. பையனை வயிற்றில் சுமந்தபோது ரத்தம் பத்துதான் இருக்கிறது என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். பையன் பிறந்து, வளர்ந்து, காலேஜுக்கும் போய்விட்டான். மாத்திரை மட்டும் நிற்கவில்லை. எப்போது பார்த்தாலும் ரத்தம் பத்து, மிஞ்சினால் பத்தரை. உடனே கடைக்குப் போய் இன்னும் இரண்டு அட்டை வாங்கி வந்துவிடுவாள். வெறும் வயிற்றில் போட்டால்தான் பிடிக்கும் என்று யாரோ சொன்னார்கள், அப்படியே போட்டாள். வைட்டமின் சி சேர்த்தால் சீக்கிரம் ஏறும் என்றார்கள், அதையும் சேர்த்தாள். போதாததற்கு டி.வி. விளம்பரத்தில் பார்த்த சத்து மாத்திரை ஒன்று. அதிலும் இரும்பு இருக்கிறது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்ததை அவள் படித்ததே இல்லை. மாத்திரை உள்ளே போனதும் குமட்டும். காலைச் சாப்பாடு இறங்காது. மலச்சிக்கல் வேறு. சத்து ஏறும்போது இப்படித்தான் இருக்கும் போல என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள்.

லைசென்ஸைப் புதுப்பிக்க உடல் தகுதிச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்காக ஒரு லேபில் ரத்தம் கொடுத்தாள். ரிசல்ட் வாங்கப் போனபோது லேபில் இருந்த பெண் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அக்கா, உங்களுக்கு ரத்தம் கம்மியா இருக்கு. ஆனா செல்லோட எண்ணிக்கை ஜாஸ்தியா இருக்கு. ஒவ்வொண்ணும் ரொம்பப் பொடிசு. இரும்பு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஆமா."

"எத்தனை வருஷமா?"

"பையனுக்கு இப்ப பத்தொம்பது வயசு."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஒருவாட்டி ரத்த டாக்டரப் பாத்துருங்க. பயப்பட வேண்டாம்."

பயப்பட வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ரத்த டாக்டர் என்றால் ரத்தப் புற்றுநோய் என்றுதான் அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. தங்கையிடம் மட்டும் சொன்னாள். தங்கை கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் ஐந்து மாதக் கர்ப்பம். அவளிடம் போய் இதைச் சொன்னோமே என்று பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள்.

பெரியாஸ்பத்திரியில் ரத்த டாக்டர் ஒரு அம்மா. சின்ன அறை, ஒற்றை ஜன்னல், மேஜை நிறைய ஃபைல். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பண்ணினார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஒரு வாரமும் அவள் வண்டியில் வாயைத் திறக்கவில்லை. பழக வந்தவர்கள் தாங்கள்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்து ரொம்பக் கவனமாக ஓட்டினார்கள்.

"உங்களுக்கு தலசீமியா மைனர்," என்றார் டாக்டர். "பிறவியிலேயே வர்றது. அப்பாகிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோ வந்திருக்கும். உங்க செல் எப்பவும் பொடிசாத்தான் இருக்கும், ரத்தமும் பத்து, பத்தரைதான் இருக்கும். இது உங்க அளவு. நோயாளின்னு நினைச்சுக்காதீங்க."

"புற்றுநோய் இல்லையா?"

"யாரு சொன்னா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. டாக்டர் அவள் அடங்கும் வரை காத்திருந்தார்.

"ஆனா ஒண்ணு. உங்க உடம்புல இரும்புக்குப் பஞ்சமே இல்ல. ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, உடம்பு எவ்வளவு இரும்பு சேத்து வச்சிருக்குன்னு காட்டும். அது உங்களுக்கு இருக்க வேண்டியதவிட ரொம்ப அதிகம். இன்னும் போட்டுட்டே இருந்தா கல்லீரல்ல போய் உக்காந்துக்கும். நல்ல வேளை, இப்ப கல்லீரல் நல்லா இருக்கு. மாத்திரைய இன்னியோட நிறுத்துங்க. அந்த வைட்டமின் சி மாத்திரையும் வேண்டாம், அது இரும்ப இன்னும் உள்ள இழுக்கும். எந்தச் சத்து மாத்திரை வாங்கினாலும் பின்னாடி இரும்பு இருக்கான்னு படிச்சுட்டு வாங்குங்க. ஃபோலிக் ஆசிட் போட்டுக்கலாம், தப்பில்ல. ஆறு மாசம் கழிச்சு வாங்க. கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களையும் டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க."

கடைசி வாக்கியம் அவள் காதில் பாதிதான் விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றே தங்கைக்குப் போன் போட்டாள்.

"நீ இரும்பு மாத்திரை போடுறியா?"

"ஆமாக்கா, செக்கப்புல குடுத்தாங்க."

"தூக்கிக் குப்பைல போடு. நம்ம குடும்பத்துக்கே அது ஆகாது. டாக்டரே சொல்லிட்டாங்க."

அக்கா சொன்னால் தங்கை மறுபேச்சுப் பேசமாட்டாள். குப்பையிலேயே போட்டுவிட்டாள்.

பிரேக்கக்கா மாத்திரையை நிறுத்திய பத்தே நாளில் குமட்டல் போனது. இருபது வருஷத்தில் முதல்முறையாகக் காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். மத்தியானம் கண் சொருகவில்லை. சோர்வுக்குப் பாதிக் காரணம் பட்டினிதான் என்று அப்போதுதான் புரிந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் இரும்பு மாத்திரையைத் திட்டினாள்.

ஐந்து வாரம் போயிருக்கும். கண்ணாடிக்கடையிலிருந்து போன் வந்தது. தங்கை மெஷினுக்குப் பக்கத்திலேயே மயங்கிச் சரிந்துவிட்டாள், நல்ல வேளையாக முதலாளி தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிரேக்கக்கா டிரைவிங் ஸ்கூல் வண்டியிலேயே தங்கையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அதே டாக்டரிடம் ஓடினாள்.

ரத்தம் எட்டுகூட இல்லை.

"மாத்திரை போடலையா?" என்றார் டாக்டர்.

"அஞ்சு வாரமா போடல."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

தங்கை சுவரைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நான்தான் டாக்டர்," என்றாள் பிரேக்கக்கா.

டாக்டர் சத்தம் போடவில்லை. தங்கைக்கும் எல்லா டெஸ்டும் எடுக்கச் சொன்னார். ரிசல்ட் வந்தபோது இரண்டு பேருடைய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "பாருங்க, ரெண்டு பேருக்கும் ஒரே கோளாறுதான். ஆனா உங்ககிட்ட இரும்பு நிரம்பி வழியுது. இவங்ககிட்ட துடைச்சு வச்ச மாதிரி காலி. பிள்ளைக்கும் சேத்து இவங்களுக்கு இரும்பு கண்டிப்பா வேணும். தலசீமியா இருந்தா இரும்பே தொடக்கூடாதுன்னு இல்ல. டெஸ்ட் பாத்துத்தான் போடணும், பாத்துத்தான் நிறுத்தணும்."

இன்னொன்றும் சொன்னார். பிள்ளையின் அப்பாவுக்கும் இதே கோளாறு இருந்தால், பிள்ளைக்குக் கடுமையான வகை வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவரையும் உடனே பார்க்க வேண்டும்.

தங்கை வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். எந்தக் கம்பத்திலும் ஏறிவிடுவார், ஊசியைக் கண்டால் மட்டும் கால் நடுங்கும். ரத்தம் எடுக்கும்போது பிரேக்கக்காதான் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சுதா அண்ணி?"

"இன்னும் குத்தவே இல்ல தம்பி, பஞ்சுதான் வச்சிருக்காங்க."

ரிசல்ட் வர நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் டாக்டரே போனில் கூப்பிட்டார். தங்கை வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை. பிள்ளைக்கு வந்தாலும் அக்கா தங்கைக்கு இருப்பது போல லேசாகத்தான் வரும். அந்த ஒரு வார்த்தை எல்லோர் வயிற்றிலும் பாலை வார்த்தது. எலக்ட்ரீஷியன் கடைவீதியில் நின்றுகொண்டே கண்ணைத் துடைத்தாராம்.

தங்கை டாக்டர் எழுதிக்கொடுத்தபடி மாத்திரை போட்டாள். டீ, காபியோடு சேர்க்காமல், மாதம் ஒருமுறை ரத்தம் பார்த்து. பிரசவத்துக்குள் ரத்தம் பத்தைத் தொட்டது. பெண் குழந்தை, கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. அக்காவின் இரும்பும் ஆறு மாதத்தில் நன்றாக இறங்கியிருந்தது.

பிரேக்கக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் உள்ளங்கையை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். "கொஞ்சம் வெளுப்பாத் தெரியுதோ? இவளுக்கும்..."

"அக்கா," என்றாள் தங்கை, கட்டிலிலிருந்து எழாமலே. "ஒரு வயசு ஆனதும் டெஸ்ட் எடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"நான் எங்கடி பேசினேன்?" என்று சொல்லிவிட்டு, பிரேக்கக்கா அந்தக் கையில் ஒரு முத்தம் வைத்தாள்.